பூட்டிய கதவும் இரண்டு இளநீரும்

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டி முடித்தாயிற்று என்றார் பஞ்சாயத்துத் தலைவர் அய்யாத்துரை. கட்டியதும் அவர்தான், கதவைப் பூட்டி வைத்திருந்ததும் அவர்தான். அதிகாரி பார்வையிட வந்த அன்று, பெற்றோர் குழுவில் இருந்த பீடி சுற்றும் செவத்தியைக் கூப்பிட்டார்.

"பார்த்தேன், நல்லாருக்குன்னு கையெழுத்துப் போடு."

"திறந்து காட்டுங்க, போடுறேன்."

"சாவி டவுன்ல இருக்கு. என்னையே சந்தேகப்படுறியா?"

செவத்தி அதிகாரி பக்கம் திரும்பினாள். "ஐயா வெயில்ல வந்திருக்காங்க" என்று அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். குடித்ததும் இன்னொன்று கொடுத்தாள். பிறகு வகுப்பு வகுப்பாக அழைத்துப்போய், ஒவ்வொரு குறையாக நிதானமாகச் சொன்னாள். அதிகாரி நெளிய ஆரம்பித்தார். பள்ளியைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள். "எங்கே ஒதுங்கறது?" என்று தலைவரிடம் மெல்லக் கேட்டார்.

"புதுசாக் கட்டினது இருக்கே ஐயா!" என்றாள் செவத்தி.

தலைவர் முகம் வெளுத்தது. சாவி வரும்வரை அதிகாரியால் பொறுக்க முடியவில்லை. பூட்டை உடைக்கச் சொன்னார். உள்ளே வெறும் தரை. கோப்பையும் இல்லை, குழாயும் இல்லை.

"உங்களுக்கு ஒரு மணி நேரமே தாங்கலை ஐயா," என்றாள் செவத்தி. "எங்க பொண்ணுங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கணுமேன்னு காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. இப்பச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடவா?"