நாற்பத்தேழு பக்கம்

“ஒண்ணு, உங்க மெஷின் வாசிக்கல. இல்ல, அந்தப் பிள்ளை படிக்கல. ரெண்டுல எதுன்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

தமிழ்த்துறை ஆவுடையப்பன் ஐயா செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினி அறைக்குள் வந்துவிட்டார்.

பார்வையில்லாத மாணவர்களுக்கான அந்தச் சின்ன அறைக்கு எஸ்தர்தான் பொறுப்பு. அவளுக்கும் பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. வயது இருபத்தாறு.

“வாங்கய்யா. செருப்பு வெளியில.”

போய்க் கழற்றிவிட்டு வந்தார். முப்பது வருஷமாக வகுப்புகளை எழுந்து நிற்க வைத்த மனிதர், பாவம்.

“சண்முகவடிவு விஷயமாத்தான?”

“வேற யாரு? இலக்கணத் தாள்ல நூத்துக்குப் பதினொண்ணு வாங்கியிருக்கா. பி.எட். சீட்டு கையில இருக்கு. இந்த ஒரு தாள் தேறலேன்னா அதுவும் போச்சு. மறுதேர்வுக்கு ஒன்பது நாள்தான். இவ என்னடான்னா, எது கேட்டாலும் ‘சரிங்கய்யா, நன்றிங்கய்யா’ங்கா.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். வாய் மட்டும் உட்காரவில்லை.

“நான் என்ன கொஞ்சமாவா செஞ்சேன்? விடியக்காலம் எந்திரிச்சு, அவளுக்குன்னே தனியா குறிப்பு எழுதினேம்மா. நாற்பத்தேழு பக்கம். எம் பொண்ணுக்குக்கூட நான் அப்படி எழுதிக் கொடுத்ததில்ல. ஒவ்வொரு பக்கமா போட்டோ பிடிச்சு அனுப்பினேன்.”

குரல் லேசாக உடைந்தது. கோபம் என்று நினைத்துத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வருத்தம்தான் அது.

ஐயாவின் கையெழுத்துக்கு ஊரில் பெயர் உண்டு. முத்து முத்தாக இருக்கும். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுத அவரைத் தேடி வருவார்கள்.

“திரையை வாசிக்கிற மென்பொருள்னுதான சொல்லுதீங்க? எழுத்து திரையில பளிச்சுன்னு தெரியுதுல்லா? பிறகென்ன?”



எஸ்தர் கையை நீட்டி, திரையை அணைத்தாள். ஹெட்போனை அவர் பக்கம் நீட்டினாள்.

“என்னம்மா இது?”

“வடிவு உக்காருத நாற்காலியிலதான் உக்காந்திருக்கீங்க. அவ கேக்குததை நீங்களும் கேளுங்க.”

மாட்டினார். மாட்டின வேகத்தில் கழற்றினார்.

“ஏ யம்மா! யாரோ பட்டாணி வறுக்குத மாதிரில்லா இருக்கு. இது தமிழா?”

“தமிழ்தான். வடிவு கேக்குத வேகம் அது. மத்த தாள் எல்லாத்தையும் அந்த வேகத்துலதான் படிச்சுத் தேறினா.”

ஐயா மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

எஸ்தர் வேகத்தைக் குறைத்தாள். ஒரு பெண் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

“இப்ப உங்க குறிப்பைத் திறக்கேன்.” அவருடைய விரலைப் பிடித்து அம்புக்குறி விசையில் வைத்தாள். “ஒரு தட்டுக்கு ஒரு பக்கம்.”

தட்டினார்.

“படம்” என்றது குரல்.

தட்டினார்.

“படம்.”

“எழுத்தை எங்கம்மா?”

“அடுத்த பக்கத்துல இருக்கான்னு பாருங்க.”

“படம்.”

“படம்.”

“படம்.”

பன்னிரண்டாவது பக்கத்தில் விரல் தானாக நின்றது. அது புணர்ச்சி விதிகள் வரும் பக்கம். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் நட்சத்திரம் வைத்து எழுதியிருந்தார். எல்லாம் அவளுக்காக.

ஹெட்போனை மெல்லக் கழற்றினார்.

“அப்போ, அவ எப்படித்தான் படிச்சா?”

“கூடப் படிக்கிற ஒருத்தி வாசிச்சுக் காட்டுவா. ஸ்ரீவைகுண்டம் பஸ் வர்ற வரைக்கும். பஸ் வந்துட்டா அன்னைக்குப் பாடம் அவ்வளவுதான்.”

“பதினொண்ணு வந்ததே பெருசு.”

“ஆமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன அவளைக் கடிச்சா தின்னுருவேன்? நீயாவது சொல்லியிருக்கலாம்.”

“ஐயா மனசு நோகும், சொல்லாதீங்கன்னு என் வாயையும் கட்டிப் போட்டுட்டா.”

“அழிச்சிரும்மா. அந்தக் கருமத்தை எல்லாம் அழிச்சிரு. எதுக்கு ஆகப்போவுது?”

“அது வடிவோட கோப்பு. நான் அழிக்க முடியாது.”

எஸ்தர் படங்களை மூடினாள். கோப்புகளின் பட்டியலுக்குப் போனாள்.

“நீங்க அனுப்பின ஒவ்வொண்ணுக்கும் அவ ஒரு பேரு வச்சிருக்கா. தட்டுங்க.”

வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டு தட்டினார்.

“ஐயா எனக்காக எழுதியது. ஒன்று.”

தட்டினார்.

“ஐயா எனக்காக எழுதியது. இரண்டு.”

“ஐயா எனக்காக எழுதியது. மூன்று.”

அவர் நிறுத்தவில்லை. ஒன்றைக்கூட விடாமல் நாற்பத்தேழு வரைக்கும் தட்டினார். குரல் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொண்டு போனது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேசைமேல் வைத்தார்.

“நான் வாசிச்சு ரெக்கார்டு பண்ணித் தரட்டா?”

“தரலாம். நடுவுல ஒரே ஒரு விதி வேணும்னா அவ எங்க போய்த் தேடுவா? எழுத்தா டைப் அடிச்சிருந்தா அவளே போய் நிப்பா, அவளே திரும்பி வருவா.”

ஐயா விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வாழ்நாளில் அதில் ஒரு வரிகூட அவர் அடித்ததில்லை. திரையைப் போடச் சொல்லவும் தோன்றவில்லை.

“ஒன்பது நாள் இருக்குல்லாம்மா?”

“இருக்குய்யா.”

“சரி, சொல்லு. ‘அ’ எங்க இருக்கு?”

எஸ்தர் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். ஒரு விசையின்மேல் வைத்து அழுத்தினாள்.

“அ” என்றது குரல்.