வடிவு நட்ட துலிப் பாத்தி

மலை உச்சிக் காட்டுல வடிவுன்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தா. முதுகு பூரா முள்ளு, பேரு வடிவு. பெத்தவ கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு, நாம என்ன சொல்ல. அவளுக்கு ஒரே ஒரு குட்டி. பொறந்ததுலேருந்து நெஞ்சுச் சளி. ஈரப் பாறை இடுக்குல கெடந்தா வேற என்ன ஆகும்?

காட்டுக்கு நடுவுல ஒரு இடிஞ்ச பங்களா. அதோட படிக்கட்டுக்கு அடியில காய்ஞ்ச பொந்து ஒண்ணு. எந்த மழைக்கும் ஒரு சொட்டு எறங்காது. வடிவுக்கு அந்தப் பொந்து மேலதான் கண்ணு. ஆனா காட்டுக்குத் தலைவரு கடமான் பெரியவரைக் கேக்காம அந்தப் பக்கம் யாரும் கால் வைக்க முடியாது.

பங்களா வாசல்ல ஒரு பூப்பாத்தி. அந்தக் காலத்துல ஒரு தொரையம்மா துலிப்புங்கற சீமைப் பூவோட கிழங்கை மரத்தூளுல பொதிஞ்சு கப்பல்ல கொண்டாந்து நட்டாளாம். சமையக்காரன் வெங்காயம்னு நெனச்சு நாலைக் கொழம்புல நறுக்கிப் போட்டு, வீடே வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துச்சு. அது தனிக் கதை, விடுங்க. தொரையம்மா போனப்புறம் பாத்தியைப் பாக்க ஆளில்ல. கிண்ணம் கிண்ணமாப் பூத்த எடத்துல வெறும் எலையும் களையும்தான்.

ஒரு நாள் அடுத்த மலை மயிலு வந்து, "உங்க மலையில பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. கடமானுக்கு அன்னிக்குப் புல்லு எறங்கல. கூட்டத்தைக் கூட்டினாரு.

"கிழங்கு எங்கெங்க கெடக்குன்னு மோந்து பாத்துத் தோண்ட வடிவாலதான் முடியும்"னு மந்தி சொல்லுச்சு.

"நல்லாச் சொன்னே போ. அவளே கிழங்கு திங்கிறவ"ன்னு மொசலு சிரிச்சுச்சு.

வடிவு முன்னால வந்தா. "ஒண்ணைக்கூடத் தொட மாட்டேன் பெரியவரே. பூத்துட்டா அந்தப் படிக்கட்டுப் பொந்தை எனக்குக் குடுங்க. குட்டி இருமிக்கிட்டே கெடக்கு."

"பூக்கட்டும், குடுக்கறேன்"னாரு கடமான்.

கார்த்திகை பூரா வடிவு தோண்டினா. கிழங்குங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு விட எடமில்லாமக் கெடந்துச்சு. அதான் பூக்கல. ஒவ்வொண்ணாப் பிரிச்சா. அழுகினதைத் தூக்கிப் போட்டா. மணலும் மக்கின எலையும் போட்டு, கிழங்கோட கூர்மூக்கு மேல பாக்க, தள்ளித் தள்ளி நட்டா. கிழங்கு வாசனைக்கு எச்சில் ஊறும். வாயில ஒரு மூங்கில் குச்சியைக் கடிச்சுக்கிட்டே வேலை பாத்தா.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு"ன்னு குட்டி கெஞ்சுச்சு.

"வீடு வேணுமா, வாய்க்கு வேணுமா?"ன்னா வடிவு. குட்டி இருமிக்கிட்டே அவ பக்கத்துல சுருண்டுக்கிச்சு.

மாசி மாசம் செக்கச்செவேல்னு பூத்துச்சு பாருங்க! அடுத்த மலையே தெரண்டு வந்துச்சு. மயிலு தோகையை மடிச்சுக்கிச்சு. கடமான் கொம்பை ஆட்டி ஆட்டி, "எங்க மேற்பார்வையில வந்தது"ன்னாரு. வடிவு பொந்துக்குக் குடி போனா. நாலு நாள் குட்டி இருமாமத் தூங்குச்சு.

அஞ்சாம் நாள் மூணு மொட்டைக் காணோம். காம்பு சாய்வா, கத்தரிச்ச மாதிரி நின்னுச்சு. அது மொசலு பல்லு. ஆனா மொதல்ல கத்தினதும் மொசலுதான்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா?"

"கிழங்கையே தொடாதவ மொட்டை எதுக்குக் கடிக்கப் போறேன்?"ன்னா வடிவு.

"கிழங்கு திங்கிற வாய்க்கு மொட்டு எம்மாத்திரம்"னு மந்தி சொல்லுச்சு. யாரும் காம்பைக் குனிஞ்சு பாக்கல. கடமான் வேற பக்கம் பாத்துக்கிட்டே, "கெளம்பும்மா"ன்னாரு.

வடிவு குட்டியை முன்னால விட்டு நடந்தா. பாத்திகிட்ட வந்ததும் மனசு கேக்கல. திரும்பினா. "பூ உதுந்தப்புறம் எலை மஞ்சளாகி அசிங்கமாத்தான் நிக்கும். வெட்டிடாதீங்க. தானாக் காயட்டும். கிழங்குக்கு அந்த எலைதான் சோறு போடுது."

"பாத்தீங்களா, ஒளிஞ்சு வர்றதுக்கு மறைப்பு கேக்கறா"ன்னு மொசலு சொல்லுச்சு.

பூ உதுந்த மறுநாளே மந்தி எல்லா எலையையும் பச்சையாவே ஒடிச்சு, பாத்தியைத் தொடைச்ச மாதிரி வெச்சுச்சு. கடமான் தலையை ஆட்டினாரு.

ஆடி மழை விடாமப் புடிச்சுச்சு. வடிவு திரும்பிப் போன பாறை இடுக்குல தண்ணி ஏறுச்சு. குட்டி அந்த மழையைத் தாண்டல. அதை நீட்டிச் சொல்ல எனக்கு வாய் வரல.

அடுத்த மாசி ஒரு பூ கூட வரல. "ராத்திரி ராத்திரி வந்து அடியில தின்னிருக்கா"ன்னு மொசலு சொல்ல, எல்லாருமாச் சேந்து பாத்தியைத் தலைகீழாக் கிளறினாங்க. வடிவு எதிர்ப் புதர்ல நின்னு பாத்தா. கிழங்கு அத்தனையும் அவ நட்ட எடத்துலயே இருந்துச்சு. சோறில்லாமப் பட்டாணி அளவுக்குச் சுருங்கி, வெயில்ல கெடந்துச்சு.

மந்தி ஒண்ணை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "ஒண்ணுகூடக் கடிபடலையே பெரியவரே."



"அப்போ அவ மூச்சுப் பட்டுத்தான் சுருங்கிருக்கு"ன்னுச்சு மொசலு.

"இருக்கும், இருக்கும்"னாரு கடமான்.

வடிவு, கிழங்கு வாசனைக்கு மறுபடி கடிச்சிருந்த மூங்கில் குச்சியைத் துப்பிட்டு, திரும்பிப் பாக்காம மலை எறங்கினா.

ஒருத்தரோட கை மட்டும் வேணும், அவங்க சொல்லு வேணாம்னு நெனைக்கறவங்களுக்கு, கடைசியில ரெண்டுமே இல்லாமப் போயிடும்.