மலைக்குள் இடப்பக்கம்

வாற்கோதுமை அறுவடை முடிந்த மறுவாரம். வெயில் ஏறத் தொடங்கிய முற்பகல். கிரேக்கத் தீவு ஒன்றில், மலையைக் குடைந்து நகருக்கு நீர் கொண்டுவரும் வேலை திடீரென்று நின்றுபோயிற்று. வடக்கிலிருந்து ஒரு கூட்டமும் தெற்கிலிருந்து ஒரு கூட்டமும் குடைந்து வந்து நடுமலையில் சந்திக்க வேண்டும். தெற்குச் சுரங்கத்தின் ஆறு பேரும் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சுரங்கம் செல்ல வேண்டிய கோட்டைக் கணக்குப் போட்டவன் கலிமோன். இரு சுரங்கங்களும் ஒன்றையொன்று தவறவிட்டால் ஈராண்டு உழைப்பு வீண்; கோடையில் நகரம் நீரின்றித் தவிக்கும். அவன் மூச்சிரைக்கத் தன் ஆசான் தெலெசோனிடம் வந்தான்.

“பாறைக்குள்ளிருந்து ஊற்றுத் தேவதை கூப்பிடுகிறாளாம், ஆசானே. ஒன்பது நாளாக இதே பேச்சு. இடப்பக்கம் திரும்பாவிட்டால் கூரையைச் சரித்துவிடுவாளாம். அங்கே யாருமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

“அந்தச் சத்தத்தை நீ கேட்டாயா?”

“அதற்குக் காது கொடுக்க எனக்கு நேரமில்லை.”

தெலெசோன் எழுந்து சுரங்கத்துக்குள் நடந்தார். பாறையருகே எல்லோரையும் பேசாதிருக்கச் சொன்னார். டொக், டொக் என்று மெல்லியதோர் ஒலி. ஆட்களை ஒவ்வொருவராக அழைத்து, கண்ணைக் கட்டி, ஒலி வரும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். தொட்ட இடத்தில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். ஆறு புள்ளிகளும் இடப்பக்கம், ஒரு சாணுக்குள் விழுந்தன.

பிறகு கலிமோனின் கண்ணைக் கட்டினார். அவன் விரலும் அங்கேயே போய் நின்றது.

“இது வடக்குக் கூட்டத்தின் சுத்தியல்,” என்றான் கலிமோன்.

மலைமேல் ஆள் நிறுத்தி, துணியசைத்து, வடக்கில் வேலையை நிறுத்தச் செய்தார்கள். ஒலி நின்றது. தொடங்கச் செய்தார்கள். மீண்டும் கேட்டது.

“பார்த்தீர்களா? தேவதையுமில்லை, ஒன்றுமில்லை.”

மேஸ்திரி சிமோஸ் தாடியைச் சொறிந்தான். “கணக்குத் தம்பி, அவள் அந்தப் பக்கத்து ஆட்களை விட்டுக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதானே?”

மற்றவர்கள் சிரித்தார்கள். தெலெசோன் சிரிக்கவில்லை.

“சுத்தியல் என்றே வைத்துக்கொள்வோம், கலிமோன். எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“உன் கோடு?”

“நேரே.”

சொல்லி முடித்த பிறகுதான், தன் கோடு வடக்குச் சுரங்கத்தைத் தவறவிடப் போகிறதென்று அவனுக்கு உறைத்தது.

“அவர்கள் தேவதை என்றல்லவா சொன்னார்கள், ஆசானே?”

“ஒன்பது நாளாக உனக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். நீ தேவதையை விசாரித்துக்கொண்டிருந்தாய்.”

கலிமோன் கீழே கிடந்த உளியை எடுத்துச் சிமோஸிடம் நீட்டினான். மறு கையால் இடப்பக்கம் காட்டினான்.

அன்றிலிருந்து பதினான்காம் நாள் பாறை உடைந்து, எதிர்ப்பக்கத்து விளக்கு தெரிந்தது. நீர் நகருக்கு வந்த அன்று ஊற்றுத் தேவதைக்கு ஒரு கறுப்பு ஆடு படைப்பதென்று ஆறு பேரும் முடிவு செய்து, விலையைப் பங்குபோட்டுக் கொடுக்கப் போனார்கள். ஆட்டின் விலை எட்டுத் திராக்மாவும் முந்தின நாளே வந்துவிட்டதென்றான் ஆட்டுக்காரன். கொடுத்தவன் கலிமோன், தன் கூலியிலிருந்து.