ஒற்றை ஆள் பிடித்த கயிறு

மட்டக்களப்பு வாவிக்கரையில் கொக்குத்துறை என்றொரு ஊர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அம்மன் சடங்கில் கொம்பு முறிப்பார்கள். ஊரார் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சி. வடசேரிக்கு ஒரு வளைந்த மரக்கொம்பு, தென்சேரிக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். முறிகிற கொம்பு தோற்ற கொம்பு. ஜெயித்த கொம்பை அந்தச் சேரியார் வீட்டில் வைத்துக் காத்து, மறுவருஷம் தம் கையாலேயே அம்மனிடம் கொண்டுவர வேண்டும்; இழுக்கப் புதுக்கொம்பு எடுப்பார்கள். தாய் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி, மாற முடியாது.

தென்சேரியார் கனடா, சுவிஸ் என்று போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர் சாமித்தம்பி ஒருவர்தான். வடசேரியில் நாற்பது பேர் இழுக்க, இவர் தம் பக்கத்துக் கயிற்றைப் புன்னை மரத்தில் கட்டிவிட்டு அதில் கைவைத்து நிற்பார். ஐந்து வருஷமாகத் தோல்விதான். இப்போது அவருக்கும் மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். போக மனசில்லை, மாட்டேன் என்று மகளிடம் சொல்ல வாயும் வரவில்லை. அவர் போனால் கொம்பு முறிப்பும் அதோடு சரி.

இழுக்குமுன் கொம்புகளில் குற்றம் உண்டா என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறவர் பல்தசார் ஓடாவியார். தச்சுவேலைக்காரர், போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். எந்தச் சேரியும் இல்லாதவர் என்பதால் முப்பது வருஷமாக அவர் சொல்தான் முடிவு. தாய் பேசிய பறங்கிப் பாஷையில் அவருக்குப் பதில் சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. பட்டறையில் மரத்தோடு பேசிக்கொண்டிருப்பார், பாவம்.

அந்த வருஷச் சடங்கன்று வடசேரித் தலைவர் கதிராமப்போடி கொண்டுவந்த கொம்பில் உள்வெடிப்பு இருந்தது. வேண்டுமென்றே தேடி எடுத்தது. எப்போதும் மூன்று தட்டுத் தட்டும் ஓடாவியார் அன்று ஒரே தட்டோடு நிறுத்தினார். வெடித்த மரத்தின் சத்தம் பொத்தென்று வந்தது. புன்னையடியில் நின்ற சாமித்தம்பிக்கும் கேட்டது.

"குத்தமில்ல, இழுங்க," என்றார் ஓடாவியார்.

சாமித்தம்பியும் கயிற்றில் கையை வைத்தார். மூன்றாம் இழுவையில் வடசேரிக் கொம்பு முறிந்தது. தோற்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். சாமித்தம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றே மகளுக்குப் போன் எடுத்தார்.

"அம்மன்ட கொம்பு என்ட வீட்டில இருக்கு மகள். நான் வர ஏலாது."

போடியார் தெரிந்தே தோற்றார், ஓடாவியார் தெரிந்தே பொய் சொன்னார், சாமித்தம்பி தெரிந்தே வாங்கிக்கொண்டார். மூவரில் யார் செய்தது பெரிது? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: போடியார் ஒரு வெற்றியை விட்டார், ஆனால் இழுக்க எதிராளி கிடைத்தார். சாமித்தம்பிக்கு ஊர் கிடைத்தது. ஓடாவியாருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. முப்பது வருஷம் காத்த சொல் போனதுதான் மிச்சம். மறுமுனையில் ஆளில்லாத கஷ்டம் அவருக்குத் தெரியும். ஆகவே பெரியவர் அவரே. சாமித்தம்பிக்கும் இது விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் காலை பட்டறைக்குப் போய், "ஓடாவியார், சுகமா எண்டு உங்கட பாஷையில எப்பிடிக் கேக்கிற?" என்று கேட்டார். மத்தியானம் வரை இரண்டு பேரும் பேச்சை விட்டு எழும்பவில்லை.