நாரை எழும்பாத வெடி

மடையக்குறிச்சிக் கண்மாயில் நாரை வந்து இறங்கிவிட்டால் ஊர் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் உண்டு, மண்டபத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான். சாவு விழுந்தால்கூட வேட்டுப் போடாமல்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். கருவேல மரத்தில் அடைகாக்கிற பறவை பயந்துபோய் எழும்பினால் முட்டை உருண்டு தண்ணீரில் விழும். அது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் போய் மைக்செட்காரராகப் பிறந்திருந்தார் பொன்னழகு. தலையெழுத்தைப் பாருங்கள். 'பொன்னழகு சவுண்ட் சர்வீஸ்' என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாத ஆள் இல்லை. சொந்த ஊரில் மட்டும் நாரைக் காலத்தில் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய் வாயைத் திறந்ததே இல்லை. மற்ற ஊர்த் திருவிழாக்களுக்குக் குழாய் கட்டிக் கட்டி, ஐம்பத்தெட்டு வயதுக்குள் இடது காது பாதி மந்தமாகிவிட்டது.

மதுரையில் ஒரு துப்பாக்கி சுடும் போட்டிக்கு மைக்செட் போடப் போன இடத்தில்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. குப்புறப் படுத்திருந்தவர்கள் மூச்சைக்கூட எண்ணி விடுவதுபோல அசையாமல் கிடந்தார்கள். இவ்வளவு சத்தம் போடுகிற சாமானைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆட்கள் எப்படி இப்படி அமைதியாக இருக்கிறார்கள்? கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பொன்னழகுக்குச் சோறு இறங்காது. வயரைச் சுருட்டுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றார்.

அவள் பெயர் குழந்தைதெரஸ். போலீஸ் ஆயுதக் கிடங்கில் பல வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது இலக்குச் சுடக் கற்றுக்கொடுத்தாள். பொன்னழகை விடப் பதினைந்து வயதாவது சின்னவள். அவருக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அன்றைக்கே அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் அவரை அண்ணே என்றாள்.

இதற்கு முன் இரண்டு இடங்களில் சத்தம் தாங்கவில்லை என்று தெரஸைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். கண்மாய்க் கரைக்கு அந்தப்பக்கம் பொன்னழகுக்கு ஒரு மானாவாரி நிலம் சும்மா கிடந்தது. இங்கே வாங்க வாத்தியாரம்மா என்றார். அவள் முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கி, குண்டைத் தடுக்க மண்மேடு போட்டு, சுடுதளம் அமைத்தாள். அப்போது கோடை. கண்மாய் காய்ந்து கிடந்தது. நாரையைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை. மற்றவரை விடுங்கள், பொன்னழகுக்காவது இருந்திருக்க வேண்டும். துப்பாக்கி கைக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கும் மறந்துபோயிற்று.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியது. நாரைகள் வந்து கூடு கட்டின. ஒரு காலையில் சுடுதளத்தில் முதல் வெடி கேட்டதும் மரங்களில் இருந்தவையெல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. கூட்டம் திரும்பி இறங்க வெகுநேரமாயிற்று. மரத்தடித் தண்ணீரில் உடைந்த முட்டை மிதந்தது. பார்த்த பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானமே ஊர் கூடிவிட்டது. ஊருக்குப் பெரியவர் சாத்தையா அம்பலம். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவரில்லை. அந்தம்மா மேலே குற்றமில்லை, அவங்களுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியாது, ஆனால் நாளையிலிருந்து அங்கே துப்பாக்கி கூடாது என்றார். பொன்னழகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் பொன்னழகுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து நின்று, வருகிற அமாவாசை வரை தவணை கொடுங்கள், நாரை எழும்பாத வெடி சுட்டுக் காட்டுகிறேன், ஒரு பறவை எழும்பினாலும் நானே அந்த மேட்டை வெட்டிச் சாய்த்து உழுதுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சரி, பார்ப்போம் என்றார் அம்பலம்.

தெரஸ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வரப்பில் நடக்கும்போது சொன்னாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணே.”

“தப்புத்தான் வாத்தியாரம்மா. வாய் முந்திக்கிச்சு.”

அவள் அதோடு விட்டுவிட்டாள்.

இனிமேல் அவருக்குத் தூக்கம் ஏது? வெடியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் துளைத்தார். மருந்திலிருந்தா, குழலிலிருந்தா, குண்டிலிருந்தா? தெரஸ் வேலியிலிருந்து ஒரு விளாறை ஒடித்தாள். அவர் முகத்துக்கு முன்னால் அதை மெள்ள வீசினாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சுள்ளென்று வீசினாள். விர்ரென்றது. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“சத்தம் குச்சியிலயா இருந்துச்சு?”

“இல்ல.”

“கையில?”

பொன்னழகு விளாறை வாங்கி மெள்ளவும் வேகமாகவும் தானே வீசிப் பார்த்தார். “வேகத்துல இருக்கு” என்றார்.

“குண்டு காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போறதுதான் அந்தப் பெரிய சத்தம். நிதானமாப் போனா கிழிக்காது.”

“அப்ப எவ்வளவு சத்தம் மிச்சம் வைக்கலாம்?”

அவள் உள்ளே போய் மருந்து நிறுக்கிற தராசை எடுத்து வைத்தாள்.

அவள் தோட்டாவைத் தானே செய்கிறவள். பித்தளைக் கூட்டில் மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் ஈயக்குண்டை அழுத்திப் பொருத்துவாள். அந்த நேரத்தில் யாராவது பேசினால் மருந்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். பொன்னழகு வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அது அவருக்குப் பெரிய தண்டனை.

ஊரில் சுட முடியாதாகையால், கைவிட்ட கல்குவாரி ஒன்றுக்குப் போய்ச் சோதித்தார்கள். குவாரிப் பொந்துகளில் மாடப்புறாக்கள் இருந்தன. வழக்கமான தோட்டாவுக்கு அவை சிதறி ஓடின. தெரஸ் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் அந்தக் கிழிக்கிற சத்தம் நின்றே போயிற்று. தலையணையைக் கையால் தட்டினதுபோல ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. குண்டு தாழ்ந்து போய்ப் பட்டது. அதற்காகக் குறியை ஏற்றிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். புறாக்கள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தன. பறக்கவில்லை.

“இது போதும்” என்றாள்.

பொன்னழகுக்குப் போதவில்லை. கழுத்தைத் தூக்குகிறதே, அடுத்தது றெக்கையைத் தூக்காது என்று என்ன நிச்சயம்? கழுத்தே தூக்காத வெடி செய்யலாமே என்றார். தெரஸ் மறுபடி, போதும் அண்ணே என்றாள். ஏன் போதும் என்று அவர் விடாமல் கேட்க, அவள் துப்பாக்கியின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைக் கழற்றி, குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய பழக்கம். இந்த மெதுவான தோட்டாக்களைச் சுடத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலுக்குள் வானம் தெரிகிறதா என்று பார்ப்பாள். அவரையும் பார்க்கச் சொன்னாள். அவரும் பார்த்தார். பார்த்தார் என்றா சொல்வது? கண்ணை வைத்துவிட்டு எடுத்தார். தேரை இழுக்குமுன் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டார்.

மைக்செட்காரர் புத்தி அவரை விடவில்லை. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகத் திருகப் பாட்டு சின்னதாகிக்கொண்டே போகும், அப்படியும் பாடிக்கொண்டுதான் இருக்கும். கொசு பாடுவதுபோலக்கூட வைக்கலாம். மருந்தும் அப்படித்தானே என்று அவருக்குத் தோன்றியது. அமாவாசைக்கு முந்தின நாள் தெரஸ் மற்ற மாணவர்களோடு வெளியே நின்ற நேரத்தில், அவர் தராசின் முன் உட்கார்ந்து, அவள் போடுகிற அளவிலும் குறைத்துப் போட்டுத் தனக்கென்று ஒரு தோட்டா செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளை அசத்த வேண்டும் என்று ஆசை. வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

அமாவாசை அன்று காலையில் ஊர்ச்சனம் கரைமேல் கூடியது. அம்பலம் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தார். எல்லாருடைய கண்ணும் கருவேல மரங்களின் மேல்தான். நாரைகள் மூக்கை இறக்கைக்குள் செருகிக்கொண்டு கூடுகளில் உட்கார்ந்திருந்தன. தெரஸ் தான் செய்த தோட்டாக்களைப் பொன்னழகின் வலது கைப்பக்கம் வரிசையாக வைத்தாள். பிறகு அவளும் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னழகு குப்புறப் படுத்தார். சட்டைப்பையில் இருந்ததை எடுத்துப் போட்டார்.

சுட்டார்.

நாக்கைத் தட்டினதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். பொன்னழகின் மந்தக் காதில் அதுகூட விழவில்லை. மரத்தில் ஒரு கழுத்தும் நிமிரவில்லை.

“இன்னும் சுடலயாப்பா?” என்று கேட்டார் அம்பலம்.

சுட்டாச்சு என்று பொன்னழகு சொன்னதும் கரையெல்லாம் சிரிப்பு. நிஜமாகவா, இன்னொரு தடவை சுடு பார்ப்போம் என்றார்கள். பொன்னழகுக்குத் தலைகால் புரியவில்லை. இலக்காக நட்டிருந்த அட்டையில் ஓட்டை விழவில்லை என்பதைப் பார்க்கத்தான் செய்தார். மெதுவாகப் போன குண்டு, தாழ்ந்து மண்ணில் புதைந்திருக்கும் என்று நினைத்தார். குழலை வானத்துக்குப் பிடித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது சடங்கு எதற்கு? போல்ட்டை இழுத்தார், வரிசையிலிருந்து ஒரு தோட்டாவைப் போட்டார், மூடினார். விரல் விசைக்குப் போயிற்று.

விசைக்கும் விரலுக்கும் நடுவில் தெரஸின் விரல் இருந்தது. தலையணையைத் தட்டின சத்தம் வராததையும் அட்டையில் ஓட்டை இல்லாததையும் கண்டு பாய்ந்து குனிந்திருந்தாள்.

“கையை எடுங்க, அண்ணே.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவள் விரல் அசையவில்லை. அதை உணர்ந்த பிறகுதான் அவர் கையை எடுத்தார். அவள் தோட்டாவை வெளியே எடுத்தாள். போல்ட்டைக் கழற்றினாள். துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து, பாருங்க என்றாள்.

பொன்னழகு குழலை வானத்துக்கு நேராகப் பிடித்தார். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தார். வானம் இல்லை. பாதி வழியில் கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

அவருடைய குண்டு எங்கும் போகவில்லை. உள்ளேயே நின்றுவிட்டது. அதன் முதுகில் இன்னொரு குண்டை இப்போது அனுப்பியிருந்தால் குழல் வெடித்திருக்கும். அவர் கன்னம் அதன்மேல்தான் இருந்தது. அது விளங்கியதும் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தெரஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். குழலின் முனை வழியாக ஒரு பித்தளைக் கம்பியை விட்டு மெதுவாகத் தட்டினாள். கரையில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. வெகுநேரம் தட்டிய பிறகு ஈயக்குண்டு பின்பக்கமாக வந்து விழுந்தது. அதை எடுத்துப் பொன்னழகின் உள்ளங்கையில் வைத்தாள்.

பிறகு கரைப்பக்கம் திரும்பினாள்.

“ஐயா, அவர் சுட்டது வெடி இல்ல. நான் சுடுறேன். சத்தம் வரும்.”

“வரட்டும்மா” என்றார் அம்பலம். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் படுத்தாள், குறியை ஏற்றிப் பிடித்தாள், சுட்டாள். தலையணையைத் தட்டின அதே சத்தம். மரங்களில் பத்துப் பதினைந்து கழுத்துகள் நிமிர்ந்தன. ஒரு நாரை கூட்டில் எழுந்து நின்று சுடுதளத்தையே பார்த்தது. பறவை அங்குமிங்கும் திரும்பிப் பார்த்துவிட்டு, காலை மடக்கி முட்டைமேல் மறுபடி உட்கார்ந்தது. மற்றவை ஒவ்வொன்றாக மூக்கைச் செருகிக்கொண்டன. தெரஸ் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் பார்த்து, வானம் தெரிந்த பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்தாள். அட்டையில் ஓட்டை விழுந்திருந்தது.

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நமக்கும் கேட்டுச்சு, அதுக்கும் கேட்டுச்சு. உக்காந்துதான இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்ப்பா” என்று சொல்லிவிட்டுக் கரையிறங்கினார். பொன்னழகைத் தாண்டும்போது நின்று, அவர் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடு என்றார்.

சனம் கலைந்தது. தெரஸ் மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கினாள். பொன்னழகு எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த குண்டை உருட்டிக்கொண்டே இருந்தார். வெட்கமாக இருந்தது. உயிரோடு இருப்பது ஆச்சரியமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் போக, பயம் தணிந்த இடத்தில் பழைய கேள்வி வந்து உட்கார்ந்தது. அந்த மனுஷனை என்ன செய்ய?

“வாத்தியாரம்மா.”

“சொல்லுங்க.”

“அன்னைக்கே கேட்டேன், நீங்க சொல்லல. எவ்வளவு சத்தம் மிச்சம் வைக்கணும்?”

கேட்டுவிட்டு, நல்ல காதை அவள் பக்கம் திருப்பினார்.

“சுட்டவருக்குக் கேக்கணும், அண்ணே.”