ஊதாத கொம்பு

ஆற்றுக்கோட்டை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், வைத்துக்கொள்ளத் தகுந்த கர்வம்தான். வீட்டுக்கு ஒருவன் படைக்குப் போய் வந்த ஊர் அது. விடைபெறும் வீரனுக்கு அவன் பிடித்த ஈட்டியையே கொடுத்து அனுப்புவார்கள். தேரோட்டத்தன்று பழைய வீரர்கள் எல்லாரும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு தேருக்கு முன்னே நடப்பார்கள். நல்லம்மையின் கணவன் வெண்காடன் மட்டும் நடக்க மாட்டான். அவனிடம் இருந்தது முனை பிடுங்கிய வெறுங்கழி. கூட்டத்தோடு கூட்டமாக வடம் பிடிப்பான். அதைப் பார்க்கும் போதெல்லாம் நல்லம்மைக்கு வயிறு எரியும்.

நடந்தது இதுதான். முன்பு நடந்த போரில், ஆற்றங்கரைக் காவல் கோபுரத்தில் வெண்காடன் தனியாக நின்றான். "கொம்பு ஊதும் வரை இறங்காதே" என்பது தளபதியின் கட்டளை. கோபுரத்துக்கு இறங்குவழி இரண்டு. உட்பக்கம் கல்படி, அது நேராக ஊருக்குள் போகும். வெளிப்பக்கம் ஆற்றுத் தண்ணீர் இறைக்கும் கயிறு. அன்றைக்கு அதன் கீழே பகைவர்கள் நின்றார்கள். நடுப்பகலில் தளபதி ஏறி வந்து பார்த்தால் கோபுரத்தில் ஆள் இல்லை. பொழுது சாய்ந்து, சண்டை ஓய்ந்த பிறகு, நனைந்த துணியோடு வெண்காடன் வந்து நின்றான். ஆற்றங்கரையில் அடிபட்டுக் கிடந்த தோழன் சாத்தனை அக்கரை வைத்தியரிடம் சேர்த்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

"சண்டை முடிஞ்சதும் வந்து கதை சொல்றியா?" என்றான் தளபதி.

சாட்சி சொல்ல வேண்டிய சாத்தனோ நினைவில்லாமல் கிடந்தான். அப்படியே வண்டியேற்றித் தொலைவில் இருந்த அவன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "காவலை விட்டு ஓடினவன்" என்று படை ஓலையில் எழுதி, ஈட்டிமுனையைப் பிடுங்கிக்கொண்டு வெண்காடனை அனுப்பிவிட்டார்கள். அன்று அவன் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்ததும், அது ஆறும் வரை எண்ணெய் தடவியதும் நல்லம்மைக்குத்தான் தெரியும். ஓடினவனுக்குக் கையா உரியும், கால் அல்லவா தேயும்?

அந்த நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடாதீர்கள். பயந்து ஓடினவனுக்கு முனை போகும். உத்தரவில்லாமல் காவலை இடையில் விட்டவனுக்கு முனை போகாது. விட்ட காவலை அவன் நின்று முடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

காலம் ஓடியது. தளபதி போய்ச் சேர்ந்தான். புதிய அரசன் வந்து பறை அறைவித்தான்: படை ஓலையில் தங்களைப் பற்றித் தப்பாக எழுதியிருப்பதாக நினைப்பவர்கள் மன்றத்துக்கு வரலாம். கண்ணால் கண்ட சாட்சியைக் கூட்டி வரலாம். எழுத்து தப்பென்றால் திருத்துவோம். எழுத்து சரிதான், தண்டனைதான் அதிகம் என்றால் மன்னிப்போம்.

"இத்தனை காலம் கழிச்சு எதுக்கு?" என்றான் வெண்காடன். நல்லம்மை காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஊர் ஊராக விசாரித்துச் சாத்தனைக் கண்டுபிடித்துக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். தேரோட்டத்துக்கு முதல் நாள் மூவரும் மன்றத்தில் நின்றார்கள்.

சாத்தன் கண்ணீரும் கம்பலையுமாகச் சொன்னான்: "கொம்பு ஊதுச்சுங்க ஐயா. என் காதால கேட்டேன். அதுக்கப்புறம்தான் அண்ணன் கயித்தைப் பிடிச்சு விறுவிறுன்னு எறங்கி வந்து என்னைத் தோள்ல போட்டாரு."

நல்லம்மைக்கு உயிர் வந்தது. மன்றத் தலைவர் வெண்காடனைப் பார்த்தார். "கொம்பு ஊதியதா?"

"ஊதலைங்க. இவன் நன்றிக்காகச் சொல்றான்."

"அட பாவி மனுசா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நல்லம்மை.

தலைவர் இரக்கம் உள்ளவர். "போகட்டும், ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர். ஓலை எழுதியபடியே இருக்கட்டும். உம்மை மன்னித்து முனையைத் தருகிறோம். நாளைக்கே நீர் தேருக்கு முன்னால் நடக்கலாம்" என்றார்.

வெண்காடன் கைகூப்பினான். "மன்னிப்பு வேணாங்க. உத்தரவில்லாம எறங்கினது நெசம், அதை எழுதிக்குங்க. ஓடினேன்னு எழுதினதை மட்டும் அழிங்க. அதை அழிக்காம முனையைக் கொடுத்தா, அதை என்னால தூக்கிட்டு நடக்க முடியாது."

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள் நல்லம்மை. ஆனாலும் தன் புருஷன் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குப் பெருமை பொங்கியது. மறைப்பானேன், எனக்கும்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நன்றிக்காகப் பொய் சொன்ன சாத்தனா, இரங்கி மன்னிக்க வந்த தலைவரா, கைக்கு வந்த முனையை வேண்டாம் என்ற வெண்காடனா, இவர்களில் யார் செய்தது சரி? மன்றம் ஓலையில் என்ன எழுத வேண்டும்?

விடை: வெண்காடன் செய்ததே சரி. மன்னிப்பு தப்புச் செய்தவனுக்கு உரியது. அதை வாங்கியிருந்தால் ஓடியதாக அவனே ஒப்புக்கொண்டதாகும். சாத்தனின் பொய்யும் தேவையில்லை, அவன் சொன்ன மெய்யே போதும். ஓடுகிறவன் கல்படியில் ஊருக்குள் ஓடுவான். கயிற்றில் பகைவர் நடுவே இறங்க மாட்டான். நல்லம்மை கணவனின் கைகளைப் பிடித்து விரித்துக் காட்டினாள்; தலைவர் தழும்பைப் பார்த்தார். "உத்தரவின்றி இறங்கினான், பகைவர் இருந்த பக்கம் இறங்கினான், ஓடவில்லை" என்று ஓலை திருந்தியது, முனையும் வந்தது. சட்டப்படி விட்ட காவல் மட்டும் பாக்கி. மறுநாள் காலையில் நரைத்த தலையோடு வெண்காடன் அதே கோபுரத்தில் ஈட்டியோடு ஏறி நின்றான். தலைவரின் சொற்படி, அன்று ஊதாத கொம்பை அவனுக்காக ஊதினார்கள். ஊரே பார்க்கக் கல்படி வழியாக இறங்கி வந்தான். கீழே நல்லம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "காவல் முடிஞ்சுதுல்ல? தேரு உங்களுக்காக நிக்குது, முன்னால போய் நடங்க" என்றாள்.