கிரீடத்தைத் தாண்டிய கல்வாழை

ரொம்பக் காலத்துக்கு முன்பு மணல்மேட்டு நாட்டை மகுடசேகரன் என்றொரு ராஜா ஆண்டார். ஆள் குள்ளம். அதை ஈடுகட்ட ஒன்றரை முழத்தில் கிரீடம் செய்து வைத்திருந்தார்.

அரண்மனை இருந்த ஊரில் மீன் விற்ற செம்பாயியின் கொல்லையில் கல்வாழை நின்றது. நட்டு ஏழு வருஷம். இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கூரைக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும். அந்தப் பூவை அடையாளம் வைத்துத்தான் ஜனங்கள் மீன் வாங்க வருவார்கள். பூ போனால் அவள் பிழைப்பும் போச்சு.

நந்தவன அதிகாரி அரங்கப்பருக்கு அதைக் கண்டாலே வயிற்றெரிச்சல். அவர் வளர்த்த பூச்செடி ஒன்றுகூட முழங்காலைத் தாண்டியதில்லை. சபையில் போட்டுக்கொடுத்தார்.

"அரசே, மீன்காரி வீட்டுப் பூ தங்களைக் குனிந்து பார்க்கிறதாம்!"

"என்ன திமிர்! அதை ஒழிப்பது உம் பொறுப்பு. தை பிறந்ததும் நானே வந்து பார்ப்பேன்."

ஐப்பசி மழைக்கு முன்னால், அரிவாளும் கடப்பாரையுமாக அரங்கப்பர் வந்து நின்றார். செம்பாயி பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மனுஷனை அவளுக்குத் தெரியும். அடுத்தவர் கேட்டதை ஒருநாளும் செய்யமாட்டார்.

"வாங்க சாமி! நல்ல ஆழமாத் தோண்டிக் கிழங்கை எடுத்துடுங்க. எனக்குக் கொல்லை கொத்துற வேலை மிச்சம். வெட்டி மட்டும் விட்டுடாதீங்க, கட்டை காலைக் கிழிக்கும்."

"உனக்குக் கொல்லை கொத்தத்தான் ராஜா என்னை அனுப்பினாரா? கிழியட்டும்!" தரையோடு தரையாக வெட்டிச் சாய்த்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டே போனார்.

மழை கொட்டியது. மண்ணுக்குள் கிழங்கு குஷியாகக் கிடந்தது.

தை மாதம் ராஜா வந்தார். ஒன்று நின்ற இடத்தில் இப்போது நாலு! முன்னைவிட ஒரு முழம் அதிகம்.

"இது என்ன?" என்று ராஜா கத்தினார்.

"அதிகாரி கைராசி, மகாராஜா" என்றாள் செம்பாயி. "அவர்தான் வெட்டிவிட்டார்."

"பொய்! நான் ஒழிக்கத்தான் வெட்டினேன்!"

"வெட்டினா கல்வாழை பக்கம் பக்கமா முளைக்கும்னு எங்க தெருக் கோழிக்குக்கூடத் தெரியும். நந்தவன அதிகாரிக்குத் தெரியாதா மகாராஜா?"

ராஜா அரங்கப்பரை முறைத்தார். பிறகு பூவை அண்ணாந்து பார்த்தார்.

"அது கிடக்கட்டும். என்னைவிட உயரமாக நிற்கிறதே?"

"திருவிழாவில் உங்களுக்குப் பூமாரி பொழியறாங்களே, மேலேயிருந்தா கீழேயிருந்தா?"

"மேலேயிருந்துதான்!"

செம்பாயி தண்டைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். கிரீடமெல்லாம் பூவிதழ். "அதிகாரி வளர்க்கிற பூ உங்க தலையில விழணும்னா, நீங்க தரையில படுத்தாத்தான் உண்டு!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று சேற்றில் விழுந்தது. அதை எடுக்கக்கூட மறந்து சிரித்தார்.

"இன்று முதல் நந்தவனத்துக்கு நீதான் அதிகாரி! இந்த உயரத்துக்கு என்ன உரம் போடுகிறாய்?"

"மீன் கழுவின தண்ணி, மகாராஜா."

"அரங்கப்பரே, கேட்டுக்கொண்டீரா? தினமும் அதை நீரே நந்தவனத்துக்குச் சுமக்க வேண்டும்."

மறுநாள் காலையில் பட்டு வேட்டியும் தலையில் பானையுமாக அரங்கப்பர் ராஜவீதியில் வந்தார். பின்னாலேயே ஊர்ப்பூனைகள் அத்தனையும் வாலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வந்தன. அவர் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பரிவாரம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.